வளைந்த கால் நிமிரும் வயது

“ஏண்டி, புள்ளைக்குக் காலு வில்லு மாதிரி வளைஞ்சிருக்கே! இடுப்புலயே தூக்கி வெச்சிருந்தா இப்படித்தான்.”

சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடை பழகும் பிள்ளைகளைப் பார்த்து எந்தப் பாட்டியும் சொல்லக்கூடியதுதான். மகள் பயந்துபோவாள். அன்று முதல் எண்ணெய் தேய்த்துக் காலை நீவி இழுக்கும் படலம் ஆரம்பமாகிவிடும்.

இடுப்பின்மேல் பழி போட வேண்டாம். கால்களை அகட்டி இடுப்பில் உட்காரவைப்பது தொடை எலும்பின் பந்து அதன் குழியில் நன்றாகப் பொருந்த உதவுகிறது. காலை நீட்டி இறுக்கித் துணி சுற்றுவதுதான் ஆகாது. டயப்பருக்கும் வளைவுக்கும் சம்பந்தமில்லை. வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த பிள்ளை வளைந்த காலோடுதான் பிறக்கும். ஒன்றரை, இரண்டு வயதில் கால் நேராகும். அப்பாடா என்று அம்மா மூச்சுவிடுவதற்குள் கால் எதிர்ப்பக்கம் சாயும். மூன்று, நான்கு வயதில் முட்டி இரண்டும் தட்டிக்கொள்ளும், கணுக்கால் விலகி நிற்கும். ஏழெட்டு வயதில் பெரியவர்களின் கால்வாகு வந்துவிடும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அளந்து இந்த வரிசையை 1975-ல் எழுதிவைத்தவர்கள் பின்லாந்து மருத்துவர்கள் சலேனியஸ், வான்கா.

எலும்பு மருத்துவத்தின் சின்னமாக இன்றும் நிற்கும் படம், கம்பத்தில் கயிற்றால் கட்டிய கோணல் மரம். அது இடம்பெற்ற நூலை பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி பாரீசில் வெளியிட்டது 1741-ல். அழகான படம்தான். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தக் கயிறு தேவையே இல்லை. விசேஷ ஷூ, பட்டை என்று கடைக்காரர் சொல்வதையெல்லாம் வாங்கினால், தானே நிமிரும் காலுக்குத் தண்டச் செலவு.

தட்டைப் பாதமும் இப்படித்தான். சின்னப் பிள்ளையின் உள்ளங்காலில் கொழுப்பு மெத்தை இருப்பதால் குழிவு தெரியாது. உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு இந்திய மருத்துவர்கள் 2,300 பிள்ளைகளைப் பார்த்து 1992-ல் எழுதினார்கள்: காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். வீட்டுக்குள் ஷூ மாட்டிவிடும் நாகரிகத்தை இனியாவது விடலாம்.

எப்போது நடக்கும் என்ற கவலைக்கு நம்மிடமே பழைய கணக்கு உண்டு. பிள்ளைத்தமிழில் தலையாட்டும் செங்கீரை ஐந்தாம் மாதம், கைகொட்டும் சப்பாணி ஒன்பது, ‘வா’ என்று நடக்க அழைக்கும் வாரானை பதின்மூன்று. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுப் பிள்ளைகளைக் கவனித்து 2006-ல் வெளியிட்டதில், தனியாக நடப்பதற்கு 8.2 முதல் 17.6 மாதம் வரை இடம் கொடுத்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்தால் நடக்கட்டும். உட்காரவைத்து உருட்டும் வாக்கர் மட்டும் வேண்டாம். கனடா 2004-ல் அதைத் தடையே செய்துவிட்டது. எழுந்து நின்று தள்ளும் மர நடைவண்டி எவ்வளவோ மேல், பக்கத்தில் ஆள் இருந்தால்.

வளைவு இயல்பானதுதானா என்று அறிய மருத்துவர் பிள்ளையைப் படுக்கவைத்து, கணுக்கால்களை ஒட்டிவைத்து முட்டிகளுக்கு நடுவே அளப்பார். ஆறு சென்டிமீட்டரைத் தாண்டினால் யோசிப்பார். முட்டி தட்டும் பிள்ளைக்கு முட்டிகளைச் சேர்த்துவைத்துக் கணுக்கால் இடைவெளியைப் பார்ப்பார், அங்கே எட்டு. ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, இரண்டு வயதுக்குப் பிறகு வளைவு கூடினாலோ, நொண்டினாலோ, வயதுக்கேற்ற உயரம் இல்லாவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. மணிக்கட்டு தடித்திருந்தால் வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸாக இருக்கலாம். தாய்ப்பாலில் அந்தச் சத்து குறைவு என்பதால்தான் ஒரு வயது வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து தரச் சொல்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்தம் இருந்தால் குடிதண்ணீரையும் விசாரியுங்கள். ஃப்ளோரைடு மிகுந்த நீர் எலும்பைக் கெடுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கே வந்ததே அதற்காகத்தான்.

கோரிமேடு ஜிப்மருக்கோ எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கோ போகும்போது, முட்டிச்சில்லு நேராகப் பார்க்க நிற்கவைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த படங்களைத் தேதியோடு கொண்டுபோங்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே வைட்டமின் டி ஊசி வாங்கிப் போடாதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.