பிள்ளை வளர்ப்போரின் அரை மாரத்தான்

அரை மாரத்தான் 21.0975 கிலோமீட்டர், முழு மாரத்தானில் சரிபாதி. ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடக்கூடியவருக்குப் பயிற்சி பொதுவாகப் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். வாரத்துக்கு மூன்று ஓட்டம் போதும். அவற்றில் நீண்ட ஓட்டம்தான் உயிர்நாடி. அதைச் சிறிது சிறிதாகக் கூட்டி 16 கிலோமீட்டருக்குக் கொண்டுவந்தால், மீதியைப் போட்டி நாளில் கடந்துவிடலாம். ஓடும்போதே பேச முடிகிற வேகம் போதுமானது.

கைக்குழந்தை உள்ள வீட்டில் கால்கள் சோர்வதற்கு முன்பே தூக்கமின்மை காலை வாரிவிடும். இரவெல்லாம் விழித்தவர் மறுநாள் ஓட்டத்தை விடுவது சோம்பல் ஆகாது. களைத்த உடம்பு எளிதில் காயப்படும். விட்டதை ஒரே நாளில் ஈடுகட்டப் பார்ப்பதுதான் பிழை. பிரசவித்த பெண்கள் ஓடத் தொடங்குமுன் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் இயன்முறை மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி. இடுப்புத்தளத் தசைகள் வலுப்பெற அந்த அவகாசம் வேண்டும். பாலூட்டுவோர் ஊட்டிய பிறகு ஓடினால் மார்புக் கனம் தொந்தரவு செய்யாது.

சென்னை மாரத்தானில் ஓட நினைப்பவர்களுக்கு, அது ஜனவரியில் நடப்பதால் பயிற்சிக்காலம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில் விழுகிறது. பெற்றோர் இருவரும் ஓடுபவர்கள் என்றால், ஒருவர் ஓடும்போது மற்றவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, நீண்ட ஓட்டத்துக்குச் சனி ஒருவருக்கு, ஞாயிறு மற்றவருக்கு.