ஆக்சிஜன் எட்டாத இடம்

புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்ச் சிகிச்சை, வைக்க வருபவர்கள் மருத்துவரிடம் கேட்பது இது: “முழுசையும் ஒரே நாளில் கொடுத்து முடித்துவிடக் கூடாதா?” விடையில் ஒரு பாதி, லண்டனை ஒட்டிய மவுண்ட் வெர்னான் மருத்துவமனையில் இயற்பியலாளர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து கண்டறிந்தது.

இயற்பியலாளர் லூயிஸ் ஹரால்ட் கிரே. கதிர் பாயும்போது உயிரணுவுக்குள் இருக்கும் நீர் சிதைந்து, கண்ணிமைப்பதற்குள் மறைந்துபோகும் வீரியமான துணுக்குகள் உண்டாகின்றன. அவை டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன. அருகில் ஆக்சிஜன் இருந்தால், அது காயத்தில் ஒட்டிக்கொண்டு ஆறவிடாமல் செய்துவிடும். இல்லாவிட்டால், உயிரணுவிலுள்ள கந்தகச் சேர்மங்கள் காயத்தைச் சரிசெய்துவிடும். அதனால் ஆக்சிஜன் இல்லாத உயிரணுவைக் கொல்ல ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் வேண்டும். கிரேயின் குழு 1953இல் இதைச் சிகிச்சையோடு பொருத்திக் கட்டுரை எழுதியது.

மனிதரின் கட்டிக்குள் அப்படி ஆக்சிஜன் எட்டாத இடம் உண்டா? மருத்துவர் தாம்லின்சன் நுரையீரல் புற்றுக்கட்டிகளை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். புற்றணுக்கள் தண்டு தண்டாகத் திரண்டிருந்தன. ரத்த நாளங்களோ தண்டுக்கு வெளியேதான் ஓடின. மெலிந்த தண்டில் எல்லா அணுக்களும் உயிரோடு இருந்தன. பருத்த தண்டின் நடுப்பகுதி செத்துக் கிடந்தது. தண்டு எவ்வளவு பருத்தாலும், உயிருள்ள வெளிவிளிம்பின் தடிமன் மட்டும் பெரிதாக மாறவில்லை. நாளத்திலிருந்து புறப்படும் ஆக்சிஜன், வழியில் அணுக்கள் உறிஞ்சியது போக எவ்வளவு தூரம் போகும் என்று இருவரும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சுமார் 150 மைக்ரான். மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. சீவலில் அளந்ததும் கணக்கில் வந்ததும் ஒத்துப்போயின. 1955இல் வெளியான இந்தக் கட்டுரையைக் கதிரியக்க உயிரியலின் ஆக அழகான வேலைகளில் ஒன்றாக நினைக்கிறேன்.

ஆபத்து, செத்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுவே இருக்கிறது. அங்கே ஆக்சிஜனுக்குத் தவித்தபடி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் அணுக்கள் கதிருக்குத் தப்பி, பின்னால் கட்டியை மறுபடி வளர்க்கக்கூடியவை.

அந்த அணுக்களையும் கொல்ல, நோயாளியை உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் வைத்துக் கதிர் கொடுத்துப் பார்த்தார்கள். டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிரோடு நிமோரசோல் என்ற மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஆனால் எல்லா ஊரிலும் நடைமுறையில் இருப்பது, கதிரைப் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான். இம்முறை பாரிஸில் 1920களிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டது. அது பலிப்பதற்கான காரணங்களில் ஒன்று பிறகுதான் விளங்கியது. முதலில் வெளி அணுக்கள் மடிகின்றன. அவை குடித்த ஆக்சிஜன் உள்ளே போகிறது. அடுத்தடுத்த முறைகளில் உள் அணுக்களும் சிக்குகின்றன. இடைவெளியில் நல்ல திசுக்கள் தேறிக்கொள்கின்றன. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 2 கிரே, வாரத்தில் ஐந்து நாள். அந்த அலகுக்கு 1975இல் சூட்டப்பட்டது இயற்பியலாளர் கிரேயின் பெயர்தான்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பீடி, சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கதிரின் பலன் குறையும். இடையில் நாட்களைத் தவறவிட்டால், தப்பிய அணுக்கள் அதற்குள் பெருகிவிடும். புகையை இன்றே விடுங்கள். மருத்துவர் குறித்துக் கொடுத்த ஒரு நாளையும் விடாதீர்கள்.