மூங்கில் கடித்தவளின் மேக்கப் ரூம்

வாங்க, வாங்க! செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள், செல்போனை அணைத்துவிடுங்கள். டிக்கெட், விசா எதுவும் வேண்டாம், மனசாலேயே ஜப்பானுக்கு ஒரு நடை. பார்க்கப்போவது யாரை? 'டீமன் ஸ்லேயர்' அனிமே தொடரின் நெசுகோவை! அண்ணன் தஞ்சிரோ கையில் வாள் இருக்கிறது. தங்கச்சிக்கு வாளும் கிடையாது, அரக்கியான பிறகு வசனமும் கிடையாது. வாயில் மூங்கில் துண்டு, மற்றபடி உதைதான். அந்த உதைக்காக எத்தனை பேருக்கு இடுப்பு ஒடிகிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

முதல் கதவு, மங்கா வரையும் மேஜை. கதையை எழுதி வரைந்த கொயோஹாரு கோட்டோகேயின் முகத்தைப் பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். அவர் தன்னை வரைந்துகொள்வதே கண்ணாடி போட்ட முதலையாகத்தான்! அந்த முதலை 2016 முதல் 2020 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 205 அத்தியாயங்கள் வரைந்து தள்ளியிருக்கிறது. வாரப் பத்திரிகையின் கெடு எப்படிப்பட்டது என்று பத்திரிகைக்காரர்களைக் கேளுங்கள், கண் கலங்குவார்கள்.

நெசுகோவின் கிமோனோவைக் கவனித்தீர்களா? ரோஸ் நிறத்தில், சணல் இலையைக் கோணக்கோடுகளாக அடுக்கிய பழைய ஜப்பானிய வடிவம். சணல் செடி மாதிரி நெடுநெடுவென வளரட்டும் என்று அங்கே குழந்தைத் துணிகளில் போடுவார்கள். 12 வயதில் குடும்பத்தைப் பறிகொடுத்த பிள்ளைக்கு என்ன பொருத்தமான உடை! ஆனால் வரைகிறவர் பாட்டைச் சொல்லுங்கள். அவள் ஓடினால், புரண்டால், குட்டியாகி அண்ணன் முதுகில் சுமக்கும் பெட்டிக்குள் ஒடுங்கினால், அத்தனை கோடுகளும் கூடவே மடங்கவேண்டும்.

அடுத்த அறை, அனிமேட்டர்களின் கூடம். அனிமே ஸ்டுடியோ என்றால் பளபளப்பாக இருக்கும் என்று நினைத்தீர்களா? காகிதக் கட்டுகள், தேய்ந்த பென்சில்கள், காலி நூடுல்ஸ் கப்புகள். காட்சிக்கொரு பெரிய உறை, அந்த உறைகளே குட்டி மலையாகக் குவிந்து கிடக்கின்றன. மேஜையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அலங்காரத்துக்கு அல்ல! முறைப்பை வரைகிறவர் முதலில் தானே முறைத்துப் பார்க்கவேண்டுமே. நடுராத்திரி ஒரு பெரிய மனிதர் கண்ணாடிக்கு முன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்யுங்கள். இன்னொருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, காலைத் தூக்கி, இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார். ஒரு வினாடிக்கு 24 பிரேம். அவ்வளவையும் யாரும் வரைவதில்லை, ஒரே படத்தை இரண்டு மூன்று பிரேம்களுக்கு நிறுத்துவார்கள். அப்படியும் ஒரு வினாடி உதைக்கு எட்டு, பன்னிரண்டு படங்கள். விரல்களுக்கிடையே தாள்களைச் செருகிச் சரசரவென்று புரட்டினால் நெசுகோவின் கால் உயர்கிறது. அடடா, அந்தச் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்கலாம்! இந்தத் தொடரை எடுத்த யூஃபோடேபிளில் வரைவது, கணினி வரைகலை, எல்லாவற்றையும் ஒன்றாகக் கோப்பது என்று பெரும்பகுதி வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. தீயும் ரத்தமும் அப்படி மின்னுவது அதனால்தான் என்பது என் கட்சி.

ஷ்ஷ்! இது ஒலிப்பதிவு அறை, மூச்சையும் மெதுவாக விடுங்கள். நிற்பது மூன்று நான்கு மைக்குகள்தான், நடிகர்களோ அதைவிட அதிகம். தன் வசனம் வரும்போது நழுவி முன்னே வந்து, முடிந்ததும் பூனை மாதிரி பின்வாங்கவேண்டும். பக்கம் புரட்டும் சத்தம் கேட்கக்கூடாது, சரசரக்கும் சட்டைக்கும் தடை. எல்லோருக்கும் உள்ளூர ஒரே பயம், பசியில் வயிறு கடமுட என்றால் மைக் விட்டுவைக்காது! திரையிலாவது படம் இருக்கிறதா? பல நேரம் வெறும் பென்சில் கோடுகள் ஓடும். அதைப் பார்த்துத்தான் உயிரைக் கொடுக்கவேண்டும்.

நெசுகோவுக்குக் குரல் அகாரி கிட்டோ. மனுஷியாக வரும் காட்சிகளில் பேச்சு உண்டு, மற்றதெல்லாம் "ம்ம்", "ம்ம்ம்!", "ம்ஹூம்" தான். கோபத்துக்கு ஒன்று, அண்ணன் தலையைத் தடவினால் ஒன்று, தூக்கம் கலைந்தால் ஒன்று. பக்கம் பக்கமாக வசனம் பேசுவதைவிட இதுதான் கஷ்டம் என்பேன். நம்பாவிட்டால் வாயை மூடிக்கொண்டு ஆத்திரப்பட்டுப் பாருங்கள். 2019-ல் தொடங்கிய இந்த முனகல், 2023 ஜூனில் வாள் கொல்லர் கிராமத்துக் கதை முடியும்போதுதான் உடைகிறது. வெயிலில் நின்றுகொண்டு "ஒஹாயோ" என்று குழறிக் காலை வணக்கம் சொல்கிறாள். நான்கு வருஷம் காத்திருந்தவர்களில் அழாதவர் யார்?

போவதற்குமுன் ஒரு குறும்பு. கதாபாத்திரங்களையெல்லாம் இந்தக்காலப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஒரு கேலித் துணைக்கதை உண்டு. அதில் நெசுகோ வாயில் மூங்கிலுக்குப் பதிலாக ஒரு நீள பிரெஞ்சு ரொட்டி! குடும்பமே அங்கே ரொட்டிக்கடை நடத்துகிறது. முதலையாருக்கு லொள்ளு ஜாஸ்தி.

சரி, வெளியே வந்தாச்சு. இன்று ராத்திரி முதல் சீசனின் பத்தாவது அத்தியாயத்தைப் போடுங்கள், சுசாமாரு என்ற அரக்கி வீசும் பந்தை நெசுகோ திருப்பி உதைக்கும் சண்டை. சப்டைட்டிலை மறந்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அந்த "ம்ம்" ஒவ்வொன்றையும் கேளுங்கள்.