புதிய வால்வு, பழைய மாத்திரை

வால்வு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் எங்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "பழுதான வால்வை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிட்டீர்களே, பிறகு எதற்கு ஆயுள் முழுவதும் மாத்திரை?" இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. "இரத்தம் கட்டிப் போகாமல் இருப்பதற்காக" என்று ஒரே வரியில் விடை கூறிவிட்டு நாங்கள் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுகிறோம். அந்த ஒரு வரி போதவில்லை என்பதை, மாத்திரையை நிறுத்திவிட்டுச் சில மாதங்களில் மூச்சுத்திணறலுடன் அவசரப் பிரிவுக்கு வருவோர் எங்களுக்கு உணர்த்துகின்றனர். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இரத்தம் இயல்பில் உறையும் தன்மை கொண்டது. கையில் வெட்டுப்பட்டால் சில நிமிடங்களில் குருதி நிற்பது அதனால்தான். இரத்தக் குழாய்களின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உயிரணுப் படலம், உறைய வேண்டாம் என்று இரத்தத்திற்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. உலோகத்திற்கும் கார்பனுக்கும் அந்த மொழி தெரியாது. அவற்றின் மீது இரத்தம் பட்ட சில நொடிகளிலேயே புரதங்கள் படிகின்றன. பிறகு தட்டணுக்கள் வந்து ஒட்டுகின்றன. ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் அவை அடித்துச் செல்லப்படும். தேங்கும் மூலை கிடைத்தால் அங்கே கட்டி வளரத் தொடங்கும். வாய்க்காலில் நீர் விரைந்தோடும் இடத்தில் வண்டல் நிற்பதில்லை, மதகின் மூலையில் நிற்கிறது அல்லவா, அதைப் போன்றதுதான் இது. செயற்கை வால்வை வடிவமைப்போரின் வேலையில் பெரும்பகுதி இந்த மூலைகளை ஒழிப்பதுதான்.

அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை சிகிச்சை நிபுணரும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் இணைந்து முதலில் இயற்கை வால்வைப் போன்றே இதழ்கள் கொண்ட வால்வுகளைச் செய்து நாய்களுக்குப் பொருத்திப் பார்த்தனர். தையல் வளையத்தில் தொடங்கிய உறைகட்டி இதழ்களின் மீது படர்ந்து அவற்றை அசையவிடாமல் செய்தது. எனவே இயற்கையைப் போலச் செய்யும் எண்ணத்தைக் கைவிட்டு, ஒரு கூண்டுக்குள் மேலும் கீழும் செல்லும் பந்தை வைத்தனர். பந்துக்குக் கீல் இல்லை. ஆகவே கட்டி பற்றிக்கொள்ளவும் இடம் குறைவு. 1960-இல் அது மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பார்வைக்கு இதயத்தோடு எவ்வித உறவும் இல்லாத அந்தப் பந்து, பல்லாயிரம் பேருக்கு வாழ்வளித்தது.

அடுத்து வந்தது பைரோலிட்டிக் கார்பன். அணு உலை எரிபொருள் துகள்களுக்கு மேற்பூச்சாக உருவாக்கப்பட்ட இப்பொருள், வழவழப்பாகவும் தேய்மானம் குறைவாகவும் இருந்ததால் 1960-களின் இறுதியில் இதயத்திற்குள் வந்து சேர்ந்தது. 1977-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட இரட்டை இதழ் வால்வு முழுவதும் இதனால் ஆனது. இன்று உலகெங்கும் பொருத்தப்படும் உலோக வால்வுகளில் பெரும்பாலானவை அதே இரட்டை இதழ் வடிவத்தைச் சார்ந்தவை. 'உலோக வால்வு' என்பது நாம் சொல்லிப் பழகிய பெயர்தான். இரத்தம் தொடும் பகுதி பெரும்பாலும் கார்பனே.

கீல் இல்லாமல் இதழ் அசையாது. கீல் இருந்தால் குழி இருக்கும். குழி இருந்தால் இரத்தம் தேங்கும். இதற்குப் பொறியாளர்கள் கண்ட விடை, வால்வு மூடியிருக்கும்போதும் கீல் வழியாகச் சிறிதளவு இரத்தம் பின்னோக்கிக் கசியும்படி வேண்டுமென்றே விட்டுவிடுவது. அந்தக் கசிவு ஒவ்வொரு துடிப்பிலும் கீலைக் கழுவுகிறது. எக்கோ அறிக்கையில் "லேசான கசிவு" என்ற சொற்களைக் கண்டு கலங்கி வருவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். (வளையத்துக்கு வெளியே, தையல் ஓரமாக ஏற்படும் கசிவு வேறு, அதைப் பற்றி உங்கள் மருத்துவர் தனியே சொல்வார்.) 1990-களில் வந்த ஓர் இரட்டை இதழ் வால்வில் கீல் குழி சரியாகக் கழுவப்படாமல் உறைகட்டிகள் தோன்றியதால், அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வருமுன்பே கைவிடப்பட்டது. நிர்வாணக் கண்ணுக்குப் புலப்படாத அளவிலான வடிவ வேறுபாடு அத்தனை முக்கியமானது.

நம் அருகில், திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் மருத்துவர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வைத் தனியே குறிப்பிட வேண்டும். மூன்று வடிவங்கள் தோற்றன. செயற்கை நீலக்கல்லாலான தட்டும் அத்தோல்விகளில் ஒன்று. நான்காவது வடிவத்தில், உறுதியான உலோகக் கலவையாலான சட்டத்துக்குள் சாய்ந்து திறக்கும் பாலிஎத்திலீன் தட்டு வைக்கப்பட்டது. அத்தட்டு கீலில் கட்டுண்டதன்று. தானே சுழலவும் கூடியது. ஆகையால் ஒரே இடம் தேய்வதில்லை. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மூட்டுவாதக் காய்ச்சலால் இளம்வயதிலேயே வால்வை இழந்த எத்தனையோ ஏழைக் குடும்பத்தினருக்கு இந்த வால்வுதான் கைக்கு எட்டியது.

இதயத்துக்கு உதவும் பம்புகளிலும் இதே போராட்டம்தான். முன்னைய பம்புகளில் சுழலிக்கும் தாங்கிக்கும் இடையே கட்டி உருவாயிற்று. புதிய வகையில் சுழலி காந்த விசையால் எதையும் தொடாமல் மிதக்கிறது. சுற்றிலும் இடைவெளி அகலமாக விடப்பட்டுள்ளது. இரண்டு நொடிக்கு ஒருமுறை வேகத்தை மாற்றி, தேங்கும் இரத்தத்தைத் தானே அலசிவிடுகிறது. 2019-இல் வெளியான ஆய்வின்படி, பழைய பம்பில் 13.9 சதவீதம் பேருக்கு ஏற்பட்ட உறைகட்டி, புதியதில் 1.4 சதவீதமாகக் குறைந்தது. 2023-இல் வந்த மற்றோர் ஆய்வு, அந்தப் பம்பு பொருத்தியவர்களுக்கு ஆஸ்பிரின் தேவையில்லை என்று காட்டியது. வடிவம் திருந்தியதால் ஒரு மாத்திரை குறைந்தது. ஆனால் வார்ஃபரின் தொடர்ந்தது.

அந்த வார்ஃபரினையும் விட்டுவிட முடியாதா? முயன்று பார்த்தார்கள். ஐ.என்.ஆர். பரிசோதனை தேவைப்படாத டபிகாட்ரான் என்ற மருந்தை உலோக வால்வு உள்ளவர்களுக்குக் கொடுத்த ஆய்வு 2012-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. உறைகட்டியும் கூடியது, இரத்தக்கசிவும் கூடியது. அபிக்சபானைக் கொண்டு நடந்த ஆய்வும் 2022-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே உறவினர் ஒருவர் இதயத் துடிப்புக் கோளாறுக்காக இப்புதிய மாத்திரைகளை உண்டு நலமாக இருக்கிறார் என்பதற்காக, உலோக வால்வு உள்ளவர் அதற்கு மாறக் கூடாது. திசு வால்வுக்குப் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் வார்ஃபரின் வேண்டியதில்லை. ஆனால் அது நாளடைவில் பழுதாகும், இளையவர்களுக்கு விரைவாகவே பழுதாகும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒரு விலை உண்டு.

ஐ.என்.ஆர். அளவு பொதுவாகப் பெருந்தமனி வால்வுக்கு 2 முதல் 3 வரையும், மைட்ரல் வால்வுக்கு 2.5 முதல் 3.5 வரையும் இருக்க வேண்டும். உங்கள் அட்டையில் எழுதியிருப்பதே உங்களுக்குரிய அளவு. கீரையே கூடாது என்று யாரோ சொல்ல, முருங்கைக்கீரையை முற்றாக ஒதுக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். ஒதுக்க வேண்டாம், வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் போதும். மருந்துக்கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரைகளும், பெயர் தெரியாத சூரணங்களும்தான் எங்களுக்கு அதிகக் கவலை அளிக்கின்றன. பல் பிடுங்குவதற்கு முன்பும், கருத்தரிக்கத் திட்டமிடும்போதும் எங்களிடம் வாருங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உடன் உறங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். இரவின் அமைதியில் வால்வின் 'டிக், டிக்' ஒலி பலருக்குக் கேட்கும். சித்ரா வால்வில் சற்று மென்மையாக இருக்கும். முதல் சில வாரங்கள் அது தொல்லையாகத் தோன்றும், பிறகு பழகிவிடும். பழகிய அந்த ஒலி ஒருநாள் மந்தமானாலோ கேட்காமற்போனாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.