உலகம் முடிந்த மறுநாள்

உலகம் அழிந்துவிட்டது. ஊர் இல்லை, உற்றார் இல்லை, ஆட்சி இல்லை, அடுப்பிலே நெருப்பில்லை. எஞ்சி நிற்பவர்கள் சில சிறுவர், சில இளைஞர். அவர்கள் என்ன செய்வார்கள்?

படம் எடுப்பவரைக் கேளுங்கள், 'ஆளுக்கொரு கத்தி எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் வேட்டையாடுவார்கள்' என்பார். கதை எழுதுபவரைக் கேளுங்கள், 'ஒரு குவளைத் தண்ணீருக்காகத் தோழனையே தீர்த்துக் கட்டுவார்கள்' என்பார். கொட்டகையிலே கைதட்டல் கேட்கும். கல்லாப் பெட்டியிலே காசு குவியும். வீடு திரும்பும்போது மனத்திலே ஒரு நஞ்சு தங்கிவிடும்: 'மனிதன் அடிப்படையிலே மிருகம்தான், மேலே அதிகாரம் இல்லாவிட்டால் கீழே கடித்துக் குதறிக்கொள்வான்' என்ற நஞ்சு.

நாம் கற்பனையைக் கேட்கப் போவதில்லை, தோழர்களே! நடந்ததைக் கேட்கப் போகிறோம். உலகம் முடிந்துபோன ஊர்கள் இரண்டு உண்டு. ஒன்று ஹிரோஷிமா, மற்றொன்று நாகசாகி. அங்கே பிழைத்த பிள்ளைகளும் உண்டு. அவர்களிலே பலர் மறைந்தனர்; சிலர் இன்றும் இருக்கிறார்கள், தொண்ணூறைத் தொட்ட முதியவர்களாக. உலகம் முடிந்த மறுநாள் மனிதன் என்ன செய்வான் என்பதற்குச் சாட்சி அவர்கள்தாம்.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள், காலை 8 மணி 15 நிமிடம். ஹிரோஷிமாவின் வீதிகளிலே பிள்ளைகள் நின்றார்கள். பள்ளி செல்லவா? விளையாடவா? இல்லை, வீடு இடிக்க! எதிரியின் விமானம் குண்டு போட்டால் தீ பரவாதிருக்க, வீடுகளை இடித்து வெற்றிடம் உண்டாக்க வேண்டுமென்று ஆணை. ஆடவர் பலர் போர்முனையில். யாரை அழைப்பது? 'பள்ளிக்கூடத்தைக் கூப்பிடு' என்றது ஜப்பானின் படைவெறி ஆட்சி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள், புத்தகம் ஏந்த வேண்டிய கையிலே ஓடும் உத்தரமும் சுமந்து நின்றார்கள். வானத்திலே ஒரு விமானம் தெரிந்தது, ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். வேலைக்கென அழைக்கப்பட்ட மாணவர்களிலே ஏறக்குறைய 6,000 பேர் மாண்டார்கள்.

மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 9, காலை 11 மணி 2 நிமிடத்துக்கு நாகசாகி. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவிலே ஏறக்குறைய 1,40,000 பேர், நாகசாகியிலே ஏறக்குறைய 74,000 பேர் மடிந்தனர். ஜப்பானியர் மட்டுமா? கொரியாவிலிருந்து வேலைக்கென இழுத்து வரப்பட்ட தொழிலாளர் பலரும் அந்தச் சாம்பலிலே கலந்தார்கள். தொழிலாளி எந்த நாட்டுப் போரிலும் சாகலாம். அதற்கு மட்டும் கடவுச்சீட்டு தேவையில்லை!

'விதி' என்று சொல்லிப் பெருமூச்சு விடுவோரும் உண்டு. வானத்திலிருந்து விழுந்தது விதியா? அதைக் கணக்குப் போட்டுச் செய்தவன் மனிதன். கையெழுத்திட்டு அனுப்பியவன் மனிதன். மனிதன் செய்ததை மனிதன்தான் நிறுத்தவும் வேண்டும்.

பிழைத்தவர்களிலே இருவரைப் பார்ப்போம்.

ஹிரோஷிமாவிலே ஒரு மாணவி. வயது பதின்மூன்று. பெயர் செட்சுகோ. இராணுவத் தலைமை நிலையத்திலே வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தாள். குண்டு வெடித்த இடத்துக்கு 1.8 கிலோமீட்டர் தொலைவு. கட்டடம் சரிந்தது; அவள் அடியிலே சிக்கினாள். இருட்டிலே சுற்றிலும் தோழியரின் முனகல்: தாயை அழைக்கும் குரல். அப்போது ஒரு கை அவள் தோளைத் தொட்டது. வெளிச்சம் தெரியும் பக்கமாகத் தவழ்ந்து வா, விட்டுவிடாதே என்று ஓர் ஆணின் குரல் சொன்னது. தவழ்ந்தாள், வெளியே வந்தாள். திரும்பிப் பார்த்தபோது கட்டடம் தீப்பற்றி எரிந்தது. உள்ளே அவளுடைய தோழியர்! அழிந்த உலகிலே அவள் சந்தித்த முதல் மனிதன் அவளிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. வழி காட்டினான். முகம்கூட அவளுக்குத் தெரியாது.

நாகசாகியிலே ஒரு தொழிலாளி. ஆம், பதினாறு வயதுத் தொழிலாளி! தனிகுச்சி சுமிதெரு என்று பெயர். பதினான்கு வயதிலேயே அஞ்சல் வேலையில் சேர்ந்தவர். அன்றும் சைக்கிளிலே கடிதம் கொண்டு போய்க்கொண்டிருந்தார். இங்கும் 1.8 கிலோமீட்டர் தொலைவுதான். பின்னாலிருந்து அடித்த அனல் அவரைத் தூக்கி எறிந்தது. முதுகுத் தோல் முழுவதும் வெந்து போயிற்று. ஓராண்டு ஒன்பது மாதம், குப்புறப் படுத்த படுக்கை! படுத்துப் படுத்து மார்பு அழுகியது. விலா எலும்பு தெரிந்தது. 'என்னைக் கொன்றுவிடுங்கள்' என்று கதறினாராம் அந்தப் பையன். கொல்ல யாரும் ஒப்பவில்லை; மருந்திட்டார்கள். மூன்று ஆண்டு ஏழு மாதம் கழித்து, 1949 மார்ச்சிலே மருத்துவமனையை விட்டு நடந்து வெளியே வந்தார். வந்து என்ன செய்தார்? மறுபடி தந்தி அலுவலக வேலைக்குப் போனார். முதுகு வெந்தாலும் வயிறு இருக்கிறதே!

உயிர் பிழைத்தாயிற்று. இனி வாழ்வு மலர்ந்ததா? இல்லை. நெருப்புக்குப் பின் வந்தது பூட்டு: வாய்க்குப் பூட்டு.

முதல் பூட்டு, வென்றவன் போட்டது. அமெரிக்கப் படை ஜப்பானை ஆண்ட காலத்திலே செய்தித் தணிக்கை இருந்தது. குண்டின் கொடுமையை ஏடுகள் விரிவாக எழுத முடியவில்லை. தனிகுச்சியின் வெந்த முதுகை 1946 சனவரியிலே அமெரிக்கப் படப்பிடிப்புக் குழு வண்ணப் படமாக எடுத்தது. எடுத்த படம் பெட்டிக்குள்ளே போயிற்று; உலகம் அதைக் காணக் கால் நூற்றாண்டு ஆயிற்று. குண்டடி பட்டோரை ஆராய ஒரு நிலையம் அமைத்தார்கள். அழைத்துப் போவார்கள், ஆடை களைவார்கள், அளப்பார்கள், குறிப்பார்கள். சிகிச்சை மட்டும் கிடையாது!

இரண்டாவது பூட்டு, சொந்த அரசு போட்டது. போருக்கு ஆள் கேட்டபோது ஒவ்வொரு வீட்டுக் கதவும் தெரிந்த அரசுக்கு, புண்ணுக்கு மருந்து கேட்டபோது ஒரு கதவும் தெரியவில்லை. பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவ உதவிச் சட்டம் வந்தது 1957-இல்தான். பன்னிரண்டு ஆண்டு!

மூன்றாவது பூட்டுத்தான் கொடியது. அது அண்டை வீட்டார் போட்டது. 'அவள் ஹிரோஷிமாப் பெண். பிள்ளை எப்படிப் பிறக்குமோ!' திருமணம் நின்றது. 'அவன் நாகசாகிப் பையன், நோய் வருமோ!' வேலை மறுக்கப்பட்டது. பிறந்த ஊரைச் சொல்ல அஞ்சி வாழ்ந்தவர் பலர். தவறு செய்தவன் தலைநிமிர்ந்து நடந்தான். தழும்பு பட்டவன் தலைகுனிந்து நடந்தான். பிறப்பைச் சொல்லி ஒதுக்கும் கொடுமையை அறிந்த நமக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

இந்த மூன்று பூட்டையும் உடைத்தது எது?

1954 மார்ச்சு முதல் நாள் பிகினித் தீவிலே அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. கடலிலே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின் மீது வெண்சாம்பல் பொழிந்தது. படகிலிருந்த 23 தொழிலாளரும் நோயுற்றனர். அவர்களிலே ஒருவர் அந்த ஆண்டே இறந்தார். தோக்கியோவிலே சுகினாமிப் பகுதியின் குடும்பப் பெண்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டார்கள். அடுத்த ஆண்டுக்குள் நாடெங்கும் சேர்ந்த கையெழுத்து மூன்று கோடிக்கு மேல்!

ஊர் எழுந்தது, ஒளிந்திருந்தவர்களும் எழுந்தார்கள். 1956 ஆகஸ்டு 10-ஆம் நாள், அதே நாகசாகியிலே, குண்டடி பட்டோர் கூடி நாடு தழுவிய சங்கம் கண்டார்கள். நிஹோன் ஹிடாங்கியோ என்பது அதன் பெயர். கோரிக்கை இரண்டு: எங்களுக்கு நேர்ந்ததற்கு அரசு பொறுப்பேற்று ஈடு தர வேண்டும், இனி எவருக்கும் இது நேராதபடி அணுகுண்டை ஒழிக்க வேண்டும். 'எங்களுக்குச் செய்தவனுக்குத் திருப்பிச் செய்' என்ற மூன்றாவது கோரிக்கை அதிலே கிடையாது. கேட்க உரிமை உள்ளவர்கள் யாரேனும் உண்டென்றால் அவர்கள்தாம், அவர்களே கேட்கவில்லை!

பெரியவர்கள் மட்டுமா? சசாகி சடாகோ என்ற சிறுமி, குண்டு விழுந்தபோது இரண்டு வயது. பத்தாண்டு ஓடியாடி வளர்ந்தாள். பிறகு இரத்தப் புற்றுநோய். நலம் பெறுவோம் என்ற நம்பிக்கையிலே மருத்துவமனையில் காகிதக் கொக்குகள் மடித்தாள். 1955 அக்டோபர் 25-இல், பன்னிரண்டு வயதிலே மறைந்தாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் அழுதார்கள், அழுதுவிட்டு ஓயவில்லை. நாடெங்குமிருந்து பள்ளித் தலைமையாசிரியர்கள் ஹிரோஷிமாவிலே மாநாட்டுக்கு வந்தபோது, துண்டறிக்கை அச்சிட்டு வாயிலிலே நின்று வழங்கினார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளிலிருந்து நன்கொடை வந்தது. 1958 மே 5-ஆம் நாள், மாண்ட பிள்ளைகள் அனைவருக்குமாக நினைவுச் சின்னம் எழுந்தது. துண்டறிக்கையின் வலிமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அதை யார் சொல்லித்தந்தார்கள்?

செட்சுகோ கனடா சென்று குடியேறினார், வாழ்நாளெல்லாம் பேசினார். தனிகுச்சி 2010-இல் ஐக்கிய நாடுகள் மன்றத்திலே தமது வெந்த முதுகின் படத்தைக் கையிலே உயர்த்திப் பிடித்தார். 2017 சூலை 7-இல், 122 நாடுகள் வாக்களித்து அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் நிறைவேறியது. அதைக் கேட்டுவிட்டு, ஆகஸ்டு 30-இல் 88 வயதிலே கண்மூடினார் அந்த அஞ்சல்காரர். கொண்டு சேர்க்க வேண்டிய கடிதத்தைக் கொண்டு சேர்த்துவிட்டுத்தான் போனார்.

2024-இல் நோபல் அமைதிப் பரிசு ஹிடாங்கியோவுக்குக் கிடைத்தது. மேடை ஏறியவர் தனகா தெருமி, வயது 92. நாகசாகியிலே பதின்மூன்று வயதில் உறவினர் ஐவரை இழந்தவர். பரிசு வாங்கிய மகிழ்ச்சியிலே பணிந்து நின்றாரா? எழுதி வந்த உரையை விட்டு விலகி, மாண்டவர்களுக்கு ஜப்பான் அரசு இன்னும் ஈடு தரவில்லை என்று மறுமுறையும் அழுத்திச் சொன்னார். மாலை போட்டால் மறந்துவிடுகிற ஆள் இல்லை அவர்!

இனி நம்முடைய பங்கு. 2025 மார்ச்சுக் கணக்குப்படி, ஜப்பானிலே உயிரோடுள்ள குண்டடி பட்டோர் முதன்முறையாக ஒரு இலட்சத்துக்குக் கீழே வந்துவிட்டார்கள்; சராசரி வயது 86-ஐத் தாண்டிவிட்டது. சாட்சிகள் குறைகிறார்கள், குண்டுகளோ பன்னிரண்டாயிரத்தையொட்டி நிற்கின்றன. ஒன்பது நாடுகளின் கையிலே அவை இருக்கின்றன. பொக்ரானிலே 1974-லும் 1998-லும் வெடித்துப் பார்த்த நமது நாடும் அந்த ஒன்பதிலே ஒன்று. தடை ஒப்பந்தத்திலே ஜப்பானும் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. வெந்த வீடும் வெடிகுண்டு வீடும் ஒரே வரிசையிலே!

ஆகவே, அடுத்த முறை கொட்டகையிலே உலகம் அழிந்து, பிழைத்த இளைஞர்கள் கத்தி தூக்கினால், பக்கத்திலிருக்கும் தோழனிடம் சொல்லுங்கள்: 'உண்மையிலே நடந்தது இது அல்ல. அவர்கள் சங்கம் கண்டார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள், எழுபது ஆண்டு வாய் ஓயாமல் பேசினார்கள்.' இருட்டிலே ஒரு கை தோளைத் தொட்டு வழி காட்டியது. அந்தக் கை தளர்கிறது, தோழர்களே! அடுத்த கை எவருடையது?