பீஷான் பூங்காவின் குளம்

பூங்காக் குளங்களில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும் காட்சியை, உலாவ வருகிறவர்கள் பெரும்பாலும் விடியற்காலையில்தான் காண்கிறார்கள். இரவில் யாரோ விஷத்தைக் கலந்துவிட்டார்கள் என்று அவர்கள் ஐயுறுவதும் இயல்பே. ஆனால் அநேக சமயங்களில் அந்த மரணத்துக்குக் காரணம், குளத்தைப் பச்சையாக்கியிருக்கும் பாசியேயாகும். புல்தரைக்கு இட்ட உரமும், உதிர்ந்து மட்கும் இலையும், மீனுக்கென்று அன்பர்கள் எறியும் ரொட்டித் துண்டும், சாக்கடைக் கசிவும் கொண்டுவந்து சேர்க்கும் பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் உண்டு பெருகும் இந்தச் சூக்ஷ்ம ஜீவன்கள், பகலில் சூரிய ஒளியின் துணையால் பிராணவாயுவை நீரில் விடுகின்றன. இரவிலோ, விடுவதை நிறுத்திவிட்டு, தாமும் அதைச் சுவாசித்துத் தீர்க்கின்றன. ஆகவே சூரியோதயத்துக்குச் சற்று முந்திய வேளையே மீன்களுக்கு மிகவும் ஆபத்தான வேளையாகிறது. அடிச்சேற்றில் பிராணவாயு அற்றுப்போனாலோ, அங்கே இரும்புடன் பிணைந்து கிடந்த பாஸ்பரஸும் கட்டு அவிழ்ந்து மேலெழுந்து, பாசிக்கு மீண்டும் உணவாகிறது.

பாசியைக் கொல்ல ரசாயனம் தூவுவது பலர் கைக்கொள்ளும் வழி. செத்த பாசி அழுகும்போதும் அதே பிராணவாயுதான் செலவாகிறது என்பதையும், அதன் உடலிலிருந்த சத்து முழுவதும் குளத்துக்கே திரும்பிவிடுகிறது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

சிங்கப்பூரில், 1988-இல் அமைக்கப்பட்ட பீஷான் பூங்காவைப் புதுப்பிக்க முற்பட்டவர்கள் வேறு மார்க்கத்தை நாடினார்கள். பூங்காவின் ஓரமாக, வெள்ளத்தை விரைந்து வெளியேற்றுவதற்கென்றே கட்டப்பட்ட கான்கிரீட் கால்வாயாக, 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டில் காலாங் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் 2009-இல் வேலையைத் தொடங்கி, அந்தக் கான்கிரீட்டை உடைத்தெடுத்து, ஆற்றைப் பூங்காவுக்குள்ளேயே வளைந்து நெளிந்து ஓடும்படி விட்டன. உடைத்த பாளங்களை அடுக்கி ஒரு குன்றையும் எழுப்பின. கரைகள் மண்ணரிப்புக்கு இரையாகாதபடி கல்லும், கட்டிப் புதைத்த கிளைக் கற்றைகளும், செடிகளின் வேர்களும் காக்கின்றன. பெருமழையின்போது ஆறு அகன்று புல்வெளியில் பரவுகிறது. நீர் ஏறுமுன் மக்கள் விலகிக்கொள்ள அபாயச் சங்கு ஒலிக்கிறது. 2012 மார்ச்சில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் புதுப்பித்த பூங்காவைத் திறந்துவைத்தார்.

ஆற்றையே யாவரும் புகழ்கிறார்கள்; என் மனத்தைக் கவர்ந்ததோ, பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் செடிப் படுகைகள். பூங்காவின் குளத்து நீரை எந்திரத்தால் ஏற்றி, நாணலும் பிற நீர்ச்செடிகளும் வளரும் அந்தப் படுகைகளின் வழியே மெல்ல வடியவிட்டு, மீண்டும் குளத்திலேயே சேர்க்கிறார்கள். வேரையும் மணலையும் போர்த்திய மெல்லிய படலத்தில் வாழும் பாக்டீரியாக்களில் ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. பிராணவாயு குறைந்த இடுக்குகளில் வாழும் மற்றொரு வகை, அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கே அனுப்பிவிடுகிறது. பாஸ்பரஸுக்கோ இவ்வாறு ஆவியாகித் தப்பும் வழி கிடையாது. அது மணற்பரல்களில் ஒட்டிக்கொள்ளும், அல்லது செடியின் உடலில் சேரும். ஆகவே முற்றிய செடிகளை அறுத்து அப்புறப்படுத்தாவிட்டால், அவை மட்கும்போது பாஸ்பரஸ் குளத்துக்கே திரும்பிவிடும். தோட்டக்காரரின் அரிவாள் இங்கே சுத்திகரிப்புச் சாதனமாகவே விளங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது. இப்படித் தெளிந்த நீரில் ஒரு பகுதியைப் புற ஊதா ஒளியால் கிருமி நீக்கி, குழந்தைகள் நனைந்து விளையாடும் திடலுக்கும் அனுப்புகிறார்கள்.

சில வருஷங்களில் நீர்நாய்க் குடும்பமொன்று தானாகவே வந்து அங்கே தங்கியது. மீனின்றி நீர்நாய் இல்லை. பிராணவாயுவின்றி மீனும் இல்லை.

மகனையோ மகளையோ பார்க்கச் சிங்கப்பூர் செல்லும் வாசகர்கள், ஒரு காலைப்பொழுதை இந்தப் பூங்காவுக்கு ஒதுக்கி, ஆற்றங்கரையோடு நின்றுவிடாமல், அந்தச் செடிப் படுகைகள் வரையிலும் நடந்து சென்று பார்த்துவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.