சுட்டி உருளைச் சிக்கல்கள்

சுட்டி உருளைச் சிக்கல்கள் என்பவை, கணினிச் சுட்டியின் இரு பொத்தான்களுக்கு நடுவிலுள்ள உருளையைச் சுழற்றும்போது பக்கம் நகராமல் நிற்பது, எதிர்த்திசையில் துள்ளுவது, பக்கத்துக்குப் பதிலாக வேறொன்று மாறிவிடுவது போன்ற கோளாறுகள் ஆகும். இவற்றின் காரணம் வன்பொருளிலோ, இயங்குதளத்திலோ, குறிப்பிட்ட மென்பொருளிலோ இருக்கலாம். எங்கே என்று பிரித்தறிவதே சீர்செய்தலின் முதற்படி.

வரலாறு

டக்ளஸ் எங்கெல்பர்ட் 1968ஆம் ஆண்டு பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டிய சுட்டியில் உருட்டுவதற்கான உருளை இல்லை. 1996இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டெலிமவுஸ் மூலமே இவ்வமைப்பு பரவலாகியது. அதற்கு முன் எழுதப்பட்ட மென்பொருள்கள் உருளையின் செய்தியை அறியா. பின்னர் வந்தவற்றிலும் குறை உண்டு. 1998இல் வெளியான விசுவல் பேசிக் 6இன் நிரல் எழுதும் சாளரம் உருளைக்கு இணங்கவில்லை. அதற்கெனத் தனி இணைப்பு நிரலை மைக்ரோசாஃப்ட் பின்னர் வழங்கியது.

செயற்படும் முறை

உருளை ஒரு படி சுழன்றால் விண்டோஸ் இயங்குதளம் 120 என்னும் அளவை மென்பொருளுக்கு அனுப்புகிறது. பயனரை விட்டு முன்னோக்கிச் சுழற்றினால் அது நேர் எண், பின்னோக்கிச் சுழற்றினால் எதிர் எண். இயல்பான அமைப்பில் ஒரு படிக்கு மூன்று வரிகள் நகரும். நுண்ணிய உருளைகள் 120க்கும் குறைந்த அளவுகளை அனுப்பும். அவற்றைக் கூட்டிவைக்காமல் தள்ளிவிடும் பழைய மென்பொருளில், மெதுவாக உருட்டினால் பக்கம் அசையாது.

லினக்ஸில் பயன்படும் எக்ஸ் சாளர முறைமை உருளையைப் பொத்தானாகவே கருதுகிறது. மேல்நோக்கிய உருட்டல் நான்காம் பொத்தான். கீழ்நோக்கியது ஐந்தாம் பொத்தான். இச்செய்தி வருகிறதா என்பதை எக்ஸ்இவி என்னும் சிறு நிரலால் சோதிக்கலாம்.

மென்பொருள்சார் காரணங்கள்

விண்டோஸின் பழைய பதிப்புகளில் உருளையின் செய்தி, சுட்டுக்குறி நிற்கும் சாளரத்துக்குச் செல்லாமல், கடைசியாகச் சொடுக்கிய சாளரத்துக்கே செல்லும். ஆகவே நகர வேண்டிய இடத்தில் ஒருமுறை சொடுக்கினாலே பல சிக்கல்கள் தீரும். 2015இல் வந்த விண்டோஸ் 10 முதல், செயற்பாட்டில் இல்லாத சாளரத்தையும் உருட்டும் வசதி உண்டு. கன்ட்ரோல் விசை அழுந்தியபடி சிக்கிக்கொண்டால் பக்கம் நகராமல் எழுத்துகள் பெரிதாகவும் சிறிதாகவும் மாறும். 2011இல் வெளியான மாக் ஓஎஸ் லயன் உருட்டும் திசையை இயல்பாகவே மாற்றி அமைத்தது. இது பழுதன்று, அமைப்புகளில் திருப்பிக்கொள்ளலாம்.

படிவங்களில் ஏற்படும் பிழை

மிகுந்த தீங்கு தருவது, கண்ணுக்குத் தெரியாமல் நிகழும் மாற்றம். பல மென்பொருள்களில், கீழ்விரி பட்டியலில் ஒன்றைத் தெரிவு செய்தபின் வேறிடத்தில் சொடுக்காமல் உருளையைச் சுழற்றினால், பக்கத்துக்குப் பதில் தெரிவே மாறிவிடும். கடலூர் மாவட்டத்தின் வட்டங்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கினால் சிதம்பரமும் கடலூரும் அடுத்தடுத்து வரும். சிதம்பரத்தைத் தெரிவு செய்த மாணவரின் விண்ணப்பம், உருளை ஒரு படி நகர்ந்தால் கடலூர் வட்டத்துக்குரியதாகிவிடும். மாவட்டப் பட்டியலிலும் கடலூருக்கு அடுத்து நிற்பது தருமபுரி. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது, ஏனெனில் இரண்டும் செல்லுபடியாகும் தெரிவுகளே. மதிப்பெண், தொகை முதலிய எண் கட்டங்களிலும் இவ்வாறு நேரலாம்.

இதைத் தவிர்க்க, ஒவ்வொரு தெரிவுக்குப் பின்னும் பக்கத்தின் வெற்றிடத்தில் சொடுக்க வேண்டும்; சமர்ப்பிக்கும் முன் படிவத்தை மேலிருந்து மீண்டும் படிக்க வேண்டும். பட்டியல் விரிந்திருக்கும்போது மட்டும் உருளைக்கு இணங்குமாறு நிரலாளர் அமைப்பது நிலையான தீர்வு.

வன்பொருள்சார் காரணங்கள்

உருளையின் சுழற்சியை ஒளி உணரியோ உலோகத் தொடுமுனைகளோ அளக்கின்றன. இரு வகையிலும் இரண்டு குறிப்பலைகள் எழும். எது முந்துகிறது என்பதைக் கொண்டு திசை அறியப்படுகிறது. தூசியாலோ தொடுமுனைத் தேய்மானத்தாலோ இவ்வரிசை குலைந்தால், கீழே உருட்டும்போது பக்கம் இடையிடையே மேலே துள்ளும். வங்கக் கடலோரத்திலுள்ள கடலூர் போன்ற ஊர்களில் உப்பு கலந்த ஈரக்காற்று உலோகத் தொடுமுனைகளை விரைவில் கெடுக்கக்கூடும்.

சோதிக்கும் வரிசை

1. வேறொரு மென்பொருளில் உருட்டிப் பார்த்தல். அங்கே சரியாக நகர்ந்தால் கோளாறு முதல் மென்பொருளைச் சார்ந்தது.
2. எதிலும் நகராவிட்டால் அதே சுட்டியை வேறு கணினியில் இணைத்தல். அங்கும் பழுது தொடர்ந்தால் சுட்டியே காரணம்.
3. அங்கே சரியாக இயங்கினால், முதற்கணினியின் சுட்டி அமைப்புகள், செலுத்தி மென்பொருள், இணைப்புத் துளை ஆகியவற்றைச் சரிபார்த்தல்.
4. கம்பியில்லாச் சுட்டியாயின் எல்லாவற்றுக்கும் முன் மின்கலத்தை மாற்றிப் பார்த்தல்.

சுட்டியைக் கணினியிலிருந்து கழற்றிய பின்னரே தூய்மை செய்ய வேண்டும். உருளையின் இடுக்கில் காற்றை ஊதித் தூசியை அகற்றலாம். தொடுமுனை தேய்ந்திருந்தால் தூய்மை செய்வதால் பயன் குறைவு. சுட்டியை மாற்றுவதே வழி. அதுவரை விசைப்பலகையின் பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள் உருளையின் வேலையைச் செய்யும்.

இவற்றையும் பார்க்க

சுட்டி
விசைப்பலகை
செலுத்தி மென்பொருள்
வரைகலைப் பயனர் இடைமுகம்